கதைச்சால் வருத்தம் மாறுமோ?

அன்புள்ள ஊரவருக்கு,

நான் லண்டனில் உளவளத்துணைக்குப் போகிறேன் என்ற கதை, நான் சொல்ல முதலே உங்களிடம் வந்து சேர்ந்துவிட்டது. "அவளுக்கு என்ன குறை? வேலை இருக்கு, பிள்ளையள் படிக்கினம்" என்று கேட்டவர்கள் உண்டு. "கதைச்சால் வருத்தம் மாறுமோ?" என்று சிரித்தவர்களும் உண்டு. எனக்குக் கோபமில்லை. அந்தக் கேள்வி நியாயமானது, அதனால் பதில் எழுதுகிறேன்.

அந்த அறையில் இரண்டு கதிரை, ஒரு மணிக்கூடு, ஒரு டிஷ்யூப் பெட்டி. கிழமைக்கு ஒருதரம், ஏறக்குறைய ஐம்பது நிமிடம். இங்கே அரச சுகாதார சேவையில் இது இலவசம். குடும்ப வைத்தியரின் துண்டு இல்லாமலே பதியலாம், ஆங்கிலம் ஓடாதவர்களுக்கு மொழிபெயர்ப்பாளரும் வருவார். ஆனால் முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். முதல் நாளே ஒன்றைத் தெளிவாகச் சொன்னார்கள்: நீங்கள் சொல்வது வெளியே போகாது, யாருடைய உயிருக்காவது ஆபத்து என்றால் மட்டுமே மற்றவர்களுக்கு அறிவிப்போம். நம் ஒழுங்கையில் ஒரு கதை படலை தாண்ட எவ்வளவு நேரம் எடுக்கும் என்று எனக்குத் தெரியும். அந்த ஒரு வாக்கே எனக்குப் பாதி மருந்து.

அங்கே புத்திமதி கிடையாது. "யோசிக்காதை", "உன்னிலும் கஷ்டப்பட்டவை எத்தனை பேர்" என்று யாரும் சொல்வதில்லை. கேள்விதான் கேட்கிறார்கள். என் வருத்தம் பதகளிப்பு. அம்மா தொலைபேசியை எடுக்காவிட்டால் நெஞ்சு இடிக்கும், கை குளிரும், நான்கு வீட்டுக்கு அழைத்து எல்லாரையும் கலக்கிவிடுவேன். உளவளத்துணையாளர் ஒரு தாளில் நான்கு நிரல் கீறினார்: நடந்தது என்ன, மனதில் ஓடியது என்ன, உடம்பு என்ன செய்தது, நான் என்ன செய்தேன். பிறகு, "அம்மா எடுக்காததற்கு வேறு என்ன காரணம் இருக்கலாம்?" என்றார். கோயில், கிணற்றடி, சார்ஜில் போட்ட போன் என்று ஒவ்வொன்றாக எழுதினேன். வீட்டுவேலையும் தந்தார்: அடுத்த முறை அரை மணித்தியாலம் யாருக்கும் அழைக்காமல் இருந்து, பதகளிப்பு ஏறி இறங்குவதைக் கவனிக்க வேண்டும். அது தானாகவே இறங்கியது. இந்த முறைக்கு அறிகை நடத்தைச் சிகிச்சை என்று பெயர். அமெரிக்க உளமருத்துவர் ஆரோன் பெக் 1960களில் வகுத்த வழி.

போரைக் கண்டவர்களுக்கு வேறொரு முறையும் உண்டு. ஜெர்மனியின் கொன்ஸ்ரன்ஸ் பல்கலைக்கழக உளவியலாளர்கள் உருவாக்கியது. நிலத்தில் ஒரு கயிற்றை நீட்டுவார்கள். பிறந்த நாளிலிருந்து இன்றுவரையான வாழ்க்கை அது. நல்லது நடந்த இடத்தில் பூ வைக்க வேண்டும், கெட்டது நடந்த இடத்தில் கல். பிறகு ஒவ்வொரு கல்லிலும் நின்று, எந்த இடம், என்ன சத்தம், என்ன மணம் என்று ஒழுங்காகச் சொல்ல வேண்டும். இன்றைக்கும் நடப்பதுபோல வந்து பிடிக்கிற நினைவு, அன்றைக்கு அங்கே நடந்து முடிந்த ஒன்றாக மெல்ல மாறும். சுனாமிக்குப் பிறகு நம் வடகிழக்கு முகாம்களில் 31 பிள்ளைகளுடன் இதைச் செய்தார்கள். ஒரு பகுதியினருக்கு இந்தச் சிகிச்சை, மற்றவர்களுக்குத் தியானமும் தளர்வுப் பயிற்சியும், ஆளுக்கு ஆறு அமர்வு. நடத்தியவர்கள் உள்ளூரில் பயிற்சி பெற்றவர்கள். ஆறு மாதம் கழித்து முதல் குழுவில் 81 வீதமானோரும் அடுத்ததில் 71 வீதமானோரும் தேறியிருந்தார்கள்.

ஆகவே இது வெள்ளைக்காரருக்கு மட்டுமான வைத்தியம் என்று சொல்லாதீர்கள். உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போர்க்காலத்திலேயே யாழ்ப்பாணத்தில் இருந்து இந்த வேலையைச் செய்தவர். செபம், சாந்தி ஆசனம் போன்ற நம் வழக்கங்களையே சிகிச்சைக்குள் எடுத்தார். மனதில் உள்ளது தலையிடியாகவும் உளைவாகவும் உடம்பில் வந்து நிற்பதை எழுதியும் வைத்தார். எத்தனை பேர் அந்த உளைவுக்கு வருடக்கணக்கில் பனடோல் போடுகிறீர்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

எல்லாம் இதனால் மாறும் என்று நான் சொல்லவில்லை. காதில் குரல் கேட்கிறவருக்கு மருந்தும் வேண்டும். பழையதைக் கிளறுவதால் தொடக்கத்தில் சிலருக்கு நித்திரை இன்னும் குழம்பும். ஒருவரோடு மனம் ஒத்துவராவிட்டால் வேறொருவரிடம் போகலாம், அதில் தப்பில்லை. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையின் தாய்க்கு, "எங்கே என் பிள்ளை?" என்ற கேள்விக்கு இதில் பதில் கிடையாது. அந்தப் பதிலை அரசுதான் சொல்ல வேண்டும். அதைக் கேட்டுக் கேட்டு நிற்க அவளுக்கு உடம்பும் நித்திரையும் வேண்டும். அதற்கு இது உதவும்.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். தெல்லிப்பழை ஆஸ்பத்திரியிலும் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலும் உளமருத்துவப் பிரிவு இருக்கிறது. அவசரத்துக்குத் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கம் இருக்கிறது. நித்திரை வராமல் தவிக்கிறவரை "விசர்" என்று தள்ளி வைக்காமல், கிளினிக் நாளில் துணைக்கு ஒருவர் கூடப் போங்கள். வாசலில் யாராவது கண்டு விடுப்புக் கேட்டால், பிரஷருக்கு வந்தோம் என்று மழுப்ப வேண்டாம். மனவருத்தத்துக்கு வந்தோம் என்றே சொல்லுங்கள். கேட்டவர் வீட்டிலும் அப்படி ஒருவர் இருக்கக்கூடும். அவருக்கும் வழி தெரியட்டும்.

அன்புடன்,
லண்டனில் இருந்து உங்கள் ஊர்ப்பிள்ளை