மருந்துக்கு முன் தாய்மடி

அமெரிக்காவின் போதை நெருக்கடி என்றதும் மரண எண்ணிக்கைதான் நம் கண்ணில் படுகிறது. 2021 முதல் 2023 வரை ஒவ்வோர் ஆண்டும் அளவுக்கு மீறிய போதையால் அங்கே ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் இறந்தனர். அந்தக் கணக்கில் வராத இன்னொரு கூட்டமும் உண்டு. தாயின் வயிற்றிலேயே அபின் வகைப் பொருளுக்குப் பழகிப் பிறக்கும் சிசுக்கள் அவர்கள். 2020இல் அந்நாட்டு மருத்துவமனைகளில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் சுமார் 6 பேருக்கு இந்தப் பாதிப்பு பதிவானது.

ஹெராயின், ஃபென்டனில், சில வலிநிவாரணி மாத்திரைகள் ஆகியவை தாயின் இரத்தத்திலிருந்து குழந்தைக்கும் சென்றுவிடுகின்றன. பிறந்து தொப்புள்கொடி அறுபட்டதும் அந்த வரத்து நின்றுவிடுகிறது. சில நாட்களுக்குள் நடுக்கம், விடாத கதறல், பால் குடிக்க முடியாமை, வயிற்றுப்போக்கு எனக் குழந்தை தவிக்கிறது. இவர்களின் தாய்மார் எல்லோரும் போதையில் உழல்பவர்கள் என்று நினைத்துவிடக் கூடாது. போதையிலிருந்து மீள்வதற்காக மருத்துவர் கொடுக்கும் மெத்தடோன் அல்லது பூப்ரெனார்ஃபினை ஒழுங்காக எடுத்துவரும் கர்ப்பிணிகளின் குழந்தைகளுக்கும் இது நேரலாம். அதற்காக அந்த மருந்தைத் திடீரென நிறுத்தினால், அவர்கள் மீண்டும் போதைக்குத் திரும்பும் ஆபத்து அதிகம்.

இந்தக் குழந்தைகளை மருத்துவமனைகள் எப்படிக் கவனித்தன? 1970களில் டாக்டர் லொரெட்டா ஃபின்னகன் ஒரு மதிப்பெண் பட்டியலைத் தந்தார். தும்மல், கொட்டாவி, வியர்வை, நடுக்கம் என 20க்கும் மேற்பட்ட அறிகுறிகளுக்குச் சில மணி நேரத்துக்கு ஒருமுறை மதிப்பெண் போட வேண்டும். தொடர்ந்து 3 முறை 8 அல்லது அதற்கு மேல் வந்தால் மார்ஃபின் போன்ற மருந்து தொடங்கப்படும். அதுவரை எந்த ஒழுங்கும் இல்லாத இடத்தில் இது ஓர் ஒழுங்கைக் கொண்டுவந்தது. ஆனால் நடைமுறையில், வெளிச்சமும் சத்தமும் நிறைந்த தீவிர சிகிச்சைப் பிரிவில் குழந்தை வாரக்கணக்கில் கிடந்தது. தாயோ வீட்டுக்கு அனுப்பப்பட்டாள்.

இதை மாற்றிக் காட்டியது யேல் நியூ ஹேவன் குழந்தைகள் மருத்துவமனை. டாக்டர் மேத்யூ கிராஸ்மனும் அவரது குழுவினரும் மூன்று கேள்விகளை முன்வைத்தனர். குழந்தை போதுமான பால் குடிக்கிறதா? ஒரு மணி நேரமாவது தடையின்றித் தூங்குகிறதா? அழுதால் 10 நிமிடத்துக்குள் தேற்ற முடிகிறதா? மூன்றும் நடந்தால் மருந்து வேண்டாம். நடக்காவிட்டால், முதலில் இருட்டறை, அமைதி, தாயின் மேனியோடு அணைப்பு, அடிக்கடி பால். அதற்கும் அடங்காவிட்டால் மருந்து. அங்கே மெத்தடோன் எடுத்த தாய்மாரின் குழந்தைகள் மருத்துவமனையில் தங்கிய காலம் சராசரியாக 22.4 நாட்களிலிருந்து 5.9 நாட்களாகக் குறைந்தது. மார்ஃபின் பெற்றவர்கள் 98 சதவீதத்திலிருந்து 14 சதவீதமாயினர்.

ஒரு மருத்துவமனையின் அனுபவம் போதுமா என்று கேட்பது நியாயமே. 26 அமெரிக்க மருத்துவமனைகளில் சுமார் 1,300 குழந்தைகளிடம் நடந்த ஆய்வின் முடிவு 2023இல் வெளியானது. பழைய முறையில் வீடு திரும்பத் தயாராக 14.9 நாட்கள் ஆயின. புதிய முறையில் 8.2 நாட்கள். மருந்து தேவைப்பட்டோர் 52 சதவீதத்திலிருந்து 19.5 சதவீதமாகக் குறைந்தனர். முதல் 3 மாதங்களில் பாதுகாப்பு விஷயத்தில் இரு முறைகளுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. ஆகவே இது மருந்தை மறுத்துக் குழந்தையை வதைக்கும் முறை அல்ல.

இங்கேதான் நாம் சிந்திக்க வேண்டிய விஷயம் இருக்கிறது. இந்தச் சிகிச்சையின் முதல் மருந்தே தாய் என்றால், தாய் அங்கே இருந்தாக வேண்டும். அச்சமோ வறுமையோ அவளை விலக்கினால் சிகிச்சையே இல்லை.

டென்னசி மாநிலம் 2014இல், போதைப்பொருளால் சிசுவுக்குப் பாதிப்பு நேர்ந்தால் தாய் மீது வழக்குத் தொடுக்கச் சட்டம் கொண்டுவந்தது. பயந்த கர்ப்பிணிகள் மருத்துவரிடம் வரவே தயங்குவார்கள் என மருத்துவர்கள் எச்சரித்தனர். 2016இல் அச்சட்டம் நீட்டிக்கப்படாமல் காலாவதியானது. ஆனாலும், உண்மையைச் சொன்னால் பிள்ளையைப் பிடுங்கிக்கொள்வார்களோ என்ற பயம் அந்தத் தாய்மாரை விட்டு நீங்கவில்லை.

வறுமையும் அப்படித்தான். சம்பளத்துடன் கூடிய மகப்பேறு விடுப்பை நாடு முழுவதும் எல்லோருக்கும் உறுதி செய்யும் சட்டம் அமெரிக்காவில் இல்லை. வேலையையும் வீட்டிலுள்ள மற்ற பிள்ளைகளையும் விட்டுவிட்டு ஓர் ஏழைத் தாய் இரவு பகலாக மருத்துவமனையில் எப்படி இருப்பாள்? தங்கும் நாட்கள் குறைவதால் மருத்துவமனைக்குப் பெரும் பணம் மிச்சமாகிறது. அதில் ஒரு பங்கு அவளுக்கான கட்டில், உணவு, பயணச் செலவு, வீடு திரும்பிய பின் தொடரும் சிகிச்சை ஆகியவற்றுக்குப் போவதே நீதி. தாய்க்கு எதுவும் செய்யாமல் குழந்தையைச் சீக்கிரம் அனுப்பிவிட்டால், குறைவது மருத்துவமனையின் பாரம் மட்டுமே.

போதையை நாம் நியாயப்படுத்தவில்லை. அதன் தீமையில் நமக்கு இரண்டு கருத்தில்லை. ஆனால் அந்தத் தாயின் மீதுள்ள கோபத்தில் நாம் அவளை வார்டுக்கு வெளியே நிறுத்தினால், தண்டனை எந்தத் தவறும் செய்யாத பச்சிளம் குழந்தைக்கே போய்ச் சேர்கிறது.