மோதிவிட்டால் ஓடாதீர்கள்



‘அடையாளம் தெரியாத வாகனம் மோதி பலி.’ இந்தத் தலைப்பு இல்லாமல் காலைப் பேப்பர் வருகிற நாள் உண்டா? நாலு வரிச் செய்தி. படித்து, உச்சுக்கொட்டிவிட்டுப் பக்கத்தைத் திருப்பிவிடுகிறோம். 2022-ம் ஆண்டில் மட்டும் நாடு முழுக்க இப்படி 67,387 விபத்துகள் நடந்திருக்கின்றன; 30,486 பேர் இறந்திருக்கிறார்கள். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் தரும் கணக்கு இது.

இடித்துவிட்டு ஓடியவர்கள் எல்லோரும் ஈவிரக்கம் இல்லாதவர்களா? நான் அப்படி நினைக்கவில்லை. வேலை முடிந்து வீட்டுக்குத் திரும்புகிறவர்கள், குடும்பத்தோடு கோயிலுக்குப் போய் வருகிறவர்கள் என்று நம்மைப் போன்றவர்களும் அவர்களில் இருப்பார்கள். கூட்டம் கூடி அடிக்குமே, ஜெயிலுக்குப் போகணுமே, லட்சக்கணக்கில் பணம் கேட்பார்களே என்ற பயம்தான் அந்த நிமிஷத்தில் ஆக்சிலரேட்டரை அழுத்த வைக்கிறது. இந்த மூன்று பயத்துக்கும் சட்டத்திலேயே பதில் இருக்கிறது. வண்டி வைத்திருக்கும் வீடுகளுக்கு அது போய்ச் சேரவில்லையே என்பதுதான் என் ஆதங்கம்.

அடிபட்டவருக்குச் சிகிச்சை கிடைக்க வழிசெய்ய வேண்டியது வண்டி ஓட்டியவரின் கடமை என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-வது பிரிவு. கூட்டத்தின் ஆத்திரத்தால் அது முடியாமல் போகலாம் என்பதையும் அதே பிரிவு ஒப்புக்கொள்கிறது. ஆகவே, அடி விழும் நிலை வந்தால் அங்கே நின்று உயிரைப் பணயம் வைக்க வேண்டியதில்லை. 108-க்குப் போன் செய்யுங்கள். நேராகப் பக்கத்து போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் நடந்ததைச் சொல்லுங்கள். எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம், எப்படியும் 24 மணி நேரத்துக்குள் சொல்லிவிட வேண்டும். ஸ்டேஷனுக்குப் போனவருக்கும் ஊரைவிட்டுப் போனவருக்கும் உள்ள வித்தியாசம் சாதாரணமானதா?

ஜெயில் பயம் அடுத்தது. கவனக்குறைவால் ஒருவர் இறந்துபோனால், குற்றவியல் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(1) பிரிவின்படி அதிகபட்சம் 5 ஆண்டு தண்டனை. பெரிய தண்டனைதான். ஆனால் அது ஜாமீனில் விடக்கூடிய குற்றம். ஓடிப்போனால், தகவல் சொல்லாததற்கும் உதவாததற்கும் தனியாக 6 மாதம் வரை தண்டனை உண்டு. சொல்லாமல் தப்பி ஓடுகிறவர்களுக்கு 10 ஆண்டு வரை என்று 106(2) எழுதப்பட்டிருக்கிறது. 2024 ஜனவரியில் லாரி டிரைவர்கள் நடத்திய போராட்டத்துக்குப் பிறகு அது மட்டும் அமலாகாமல் நிறுத்திவைக்கப்பட்டது.

ஓடினால் வழக்கு எங்கே போய் நிற்கும் என்பதற்கு ஓர் உதாரணம். 2023 புத்தாண்டு அதிகாலையில் டெல்லியில் ஒரு கார் இளம்பெண்ணின் ஸ்கூட்டரில் மோதியது. காருக்கு அடியில் சிக்கிய அந்தப் பெண்ணைப் பல கிலோமீட்டர் தூரம் இழுத்துக்கொண்டே போனார்கள். அந்தப் பெண் இறந்துபோனார். காரில் இருந்தவர்கள்மீது கொலை வழக்கு பாய்ந்தது. மோதிய உடனே வண்டியை நிறுத்தியிருந்தால்?

மூன்றாவது, பணம். தேர்ட் பார்ட்டி இன்ஷூரன்ஸ் எதற்காகக் கட்டுகிறோம்? டிராஃபிக் போலீஸிடம் காட்டுவதற்கு என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். உங்கள் வண்டியால் ஒருவர் இறந்தாலோ, காயம்பட்டாலோ, மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயம் சொல்லும் நஷ்டஈட்டை உங்களுக்குப் பதிலாக இன்ஷூரன்ஸ் கம்பெனி கட்டுவதற்குத்தான் அந்தப் பிரீமியம். இதற்கு உச்சவரம்பு கிடையாது. பாலிசி நம்பர், விபத்து நடந்த தேதி, நேரம், இடம், அடிபட்டவர் விவரம், ஓட்டியவர் பெயர், அவருடைய லைசென்ஸ் விவரம் ஆகியவற்றைக் கம்பெனிக்கு எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும்.

விபத்தை மறைக்கப் போய்த்தான் பலர் சிக்கிக்கொள்கிறார்கள். உடைந்த பம்பரைத் தெரிந்த ஒர்க் ஷாப்பில் மாற்றுவது, மகன் ஓட்டியதை டிரைவர் ஓட்டியதாகச் சொல்லச் சொல்வது என்று ஒன்றன்மேல் ஒன்றாகப் பொய் ஏறுகிறது. ரோட்டில் விழுந்த ஹெட்லைட் சில்லு ஒன்று போதும், எந்த மாடல் கார் என்று தெரிந்துவிடும். மீதியை டோல்கேட் கேமரா சொல்லிவிடும். அப்புறம் வண்டி ரிப்பேருக்கான கிளைமும் போச்சு, வழக்கும் கூடிற்று.

லைசென்ஸ் இல்லாதவர் ஓட்டியிருந்தால், கம்பெனி பாதிக்கப்பட்டவருக்குக் கொடுத்துவிட்டு உங்களிடம் வசூலித்துக்கொள்ளலாம். பாலிசியே காலாவதி ஆகியிருந்தால் முழுத் தொகையும் உங்கள் தலையில். கட்டாவிட்டால் நிலவரி பாக்கியை வசூலிப்பதுபோல கலெக்டர் மூலம் வசூலிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது.

இனி, அடிபட்டவர் வீட்டுப் பக்கம் வருவோம். மோதிய வண்டி எது என்றே தெரியவில்லை. யார்மீது கேஸ் போடுவது? அழுது ஓய்ந்த குடும்பம் ‘நம்ம விதி’ என்று உட்கார்ந்துவிடுகிறது. வண்டி கிடைக்காவிட்டாலும் அந்தக் குடும்பத்துக்கு அரசுத் திட்டம் ஒன்றில் நஷ்டஈடு உண்டு. இறந்தவர் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாய், படுகாயம் அடைந்தவருக்கு 50,000 ரூபாய். முன்பு 25,000, 12,500 என்று இருந்ததை 2022 ஏப்ரல் முதல் இப்படி உயர்த்தினார்கள். ஆனால் 2022-23-ல் நாடு முழுக்க வந்த விண்ணப்பங்கள் 205. பணம் கிடைத்தது 95 பேருக்கு. ஒரு வருஷத்துச் சாவு 30,000-க்கு மேல். கேட்டு வந்தவர்கள் இவ்வளவுதான்!

கோவையைச் சேர்ந்த எலும்பு அறுவை சிகிச்சை நிபுணர் டாக்டர் எஸ்.ராஜசேகரன் தொடுத்த பொதுநல வழக்கில், 2024 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இந்தக் கணக்கைப் பார்த்துத்தான் ஓர் உத்தரவு போட்டது. ஒரு மாதத்துக்குள் வண்டியைக் கண்டுபிடிக்க முடியாவிட்டால், இப்படி ஒரு திட்டம் இருக்கிறது என்று அந்தக் குடும்பத்துக்குப் போலீஸே எழுதித் தெரிவிக்க வேண்டும். எழுதவில்லையா? நீங்களே போய்க் கேளுங்கள். எஃப்.ஐ.ஆர். நகல், போஸ்ட்மார்ட்டம் அறிக்கை, இறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, பேங்க் பாஸ்புக் இவற்றோடு, விபத்து நடந்த பகுதியின் தாசில்தார் அல்லது கோட்டாட்சியர் அலுவலகத்தில் விசாரியுங்கள். கோர்ட் படி ஏற வேண்டியதில்லை. பின்னால் வண்டி அகப்பட்டு தீர்ப்பாயத்தில் பெரிய தொகை கிடைத்தால், இந்தப் பணம் அதில் கழிந்துவிடும். தீர்ப்பாயத்துக்குப் போக 6 மாதம் என்று சட்டம் சொல்வதால், தாமதம் மட்டும் வேண்டாம்.

இன்னொரு விஷயம். பைக் பாலிசியை எடுத்து, பிரீமியம் கணக்கு போட்டிருக்கும் கட்டத்தைப் பாருங்கள். ‘பர்சனல் ஆக்சிடென்ட் - ஓனர் டிரைவர்’ என்று ஒரு வரி இருக்கிறதா? பக்கத்தில் 15,00,000 என்று போட்டிருக்கும். வண்டியின் சொந்தக்காரரே ஓட்டிப்போய் விபத்தில் இறந்தால், அவரிடம் லைசென்ஸ் இருந்தால், மோதியது யார் என்று தெரியாவிட்டாலும் குடும்பம் இந்த 15 லட்சத்தைக் கேட்கலாம். இது தெரியாமல் அந்தக் காகிதத்தைப் பீரோவில் வைத்துக்கொண்டே கடன் வாங்கும் வீடுகள் இருக்கின்றன. வண்டி அப்பா பேரில் இருந்து மகன் ஓட்டினால் இந்த கவர் மகனுக்குப் பொருந்தாது. நம் வீடுகளில் பாதி பைக்குகள் அப்படித்தானே ஓடுகின்றன? மகனுக்குத் தனியாக ஒரு விபத்து பாலிசி எடுத்துவிடுங்கள்.

உங்கள் தெருவிலோ, உறவிலோ, வண்டி தெரியாத விபத்தில் ஒருவரை இழந்த வீடு இருந்தால், இந்தப் பக்கத்தை அவர்கள் கையில் கொடுங்கள். முடிந்தால் தாலுகா ஆபீஸுக்கு நீங்களும் ஒரு நடை கூடப் போய்வாருங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்