அழும் குழந்தையும் பழி சுமக்கும் தாயும்

இடம்பெயர்ந்த குடும்பங்கள் தங்கியிருக்கும் கொட்டில்களுக்கு மாலை வேளைகளில் போகும்போதெல்லாம் ஒரு கைக்குழந்தையின் அழுகுரல் நம் காதில் விழுகிறது. பால் கொடுத்தாயிற்று. துணி மாற்றியாயிற்று. தாய் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு அங்குமிங்கும் நடக்கிறாள். பிள்ளையோ முதுகை வளைத்து, முகம் சிவந்து, வீரிட்டுக் கத்துகிறது. அப்போது சேலை மறைப்புக்கு அப்பாலிருந்து ஒரு குரல் வரும்: "உனக்குப் பால் காணாது போல பிள்ளை. ஒரு ரின் மா வாங்கிக் கரைச்சுக் குடு."

சொன்னவர் அன்போடுதான் சொல்கிறார். ஆனால் காணியை விட்டு, கிணற்றை விட்டு, மாட்டை அவிழ்த்துவிட்டு வந்த ஒரு பெண்ணிடம் மிஞ்சியிருப்பது அவளது உடல் ஒன்றுதான். அதுவும் காணாது என்று சொல்லிவிடுகிறோம். அந்த ஒரு சொல்லால் எத்தனை தாய்மார் பாலூட்டுவதைக் கைவிட்டார்கள் என்பதை நாம் கண்டிருக்கிறோம். ஆகவே இதைப் பற்றிச் சற்று வெளிப்படையாகப் பேச விரும்புகிறோம்.

நாம் செய்த பிழை

முதலில் நமது பிழையை ஒப்புக்கொள்ள வேண்டும். 2009ஆம் ஆண்டில் வவுனியாவில் இடம்பெயர்ந்தோர் நடுவே பணியாற்றிய நாள்களில், ஒன்றரை மாதக் குழந்தையோடு ஓர் இளம் தாயைச் சந்தித்தோம். ஒரே கூடாரத்தில் வேறு குடும்பங்களும் இருந்தன. பொழுது சாயத் தொடங்கினால் பிள்ளை அழும். இரவு பத்து மணிவரை ஓயாது. பக்கத்திலிருந்தவர்கள் நித்திரையின்றிச் சினந்தார்கள். "பயத்தில பால் வத்திப் போச்சு, சுவாமி" என்று அந்தத் தாய் கண்கலங்கினாள். நாம் இரக்கப்பட்டோம். மறுநாளே ஒரு பால்மா ரின்னும் ஒரு போத்தலும் கொண்டுபோய்க் கொடுத்தோம். நல்ல காரியம் செய்ததாகவே நினைத்தோம்.

இரண்டு கிழமைக்குள் அந்தப் பிள்ளை வயிற்றோட்டத்தோடு ஆஸ்பத்திரியில் கிடந்தது. தண்ணீர் பவுசரில் வந்தது. விறகு கிடைப்பது அரிது. போத்தலை அவிப்பதற்குத் தனிப் பாத்திரம் இல்லை. இவற்றில் ஒன்றையாவது நாம் யோசிக்கவில்லை. அங்கிருந்த வயதான தாதி ஒருவர் தாயின் மார்பைப் பார்த்துவிட்டு நம்மிடம் சொன்னார்: "இவவுக்குப் பால் இருக்கு, சுவாமி. பிள்ளை குடிக்காதபடியால்தான் குறையுது." அவர் பக்கத்திலிருந்து, அடிக்கடி மார்பில் பிடிக்கச் செய்தார். சில நாள்களில் பால் மீண்டும் ஊறியது. பிள்ளை பிழைத்தது. மாலையில் அழுகை மட்டும் முன்போலவே இருந்தது! மூன்று மாதம் கடந்தபின் அதுவும் தானாகவே அடங்கியது.

அழுகைக்கும் ஒரு பருவம் உண்டு

பயிருக்குப் பருவம் இருப்பதுபோல் கைக்குழந்தையின் அழுகைக்கும் ஒரு பருவம் உண்டு. பிறந்து இரண்டு கிழமையளவில் அது கூடத் தொடங்கும். ஆறாம் கிழமையளவில் உச்சத்துக்கு வரும். மூன்று நான்கு மாதங்களில் தணிந்துவிடும். பெரும்பாலும் மாலையிலும் முன்னிரவிலுந்தான் அழுகை அதிகம். அமெரிக்காவில் பிரேசல்ற்றன் என்ற குழந்தை வைத்தியர் 80 குழந்தைகளின் அழுகையைத் தாய்மாரைக் கொண்டு நாள்தோறும் குறிக்கச் செய்து, 1962இல் அதை வெளியிட்டார். அவை நோயற்ற குழந்தைகள். அப்படியிருந்தும் ஆறாம் கிழமையில் அவை நாளொன்றுக்கு ஏறக்குறைய இரண்டே முக்கால் மணிநேரம் அழுதன. மாளிகையில் பிறந்த பிள்ளையும் அழும். தறப்பாளின் கீழ் பிறந்த பிள்ளையும் அழும். ஒரேயொரு வேறுபாடு, மாளிகையில் அழும் பிள்ளைக்காக அயலவரிடம் யாரும் மன்னிப்புக் கேட்பதில்லை.

ஆகவே அழுகையை மட்டும் கொண்டு பால் போதவில்லை என்று தீர்ப்புச் சொல்லக் கூடாது. பால் போதுமா என்பதை அறிய வேறு அடையாளங்கள் உண்டு. முதல் வாரம் கழிந்தபின் பிள்ளை நாளொன்றுக்கு ஆறு தடவையாவது வெளிறிய நிறத்தில் சிறுநீர் கழிக்கிறதா? பிறந்த நிறையை இரண்டு கிழமையளவில் மீண்டும் எட்டியதா? அதன்பின் மாதம் 500 கிராமாவது கூடுகிறதா? கிளினிக்கில் தந்த பிள்ளையின் பதிவேட்டில் நிறைக்கோடு மேல்நோக்கிப் போகிறதா? இவற்றுக்கு ஆம் என்றால் பால் காணும். ஐயமிருந்தால் குடும்பநல மாதுவிடம் போய் நிறுத்துப் பாருங்கள். தராசு சொல்வதை நம்புங்கள். அயலட்டையின் வாய்ச்சொல்லை அல்ல.

இறைக்கிற கிணறு

"இறைத்த கிணறு ஊறும்" என்று நம் கமக்காரருக்கு யாரும் படிப்பிக்க வேண்டியதில்லை. தாயின் மார்பும் அப்படியே. பிள்ளை உறிஞ்ச உறிஞ்சப் பால் சுரக்கும். உறிஞ்சாது விட்டால் குறையும். ஒரு நேரம் போத்தல் கொடுத்தால் அந்த நேரத்துக்கு மார்பு இறைக்கப்படவில்லை. அடுத்த நாள் பால் சற்றுக் குறைகிறது. "பார்த்தியா, காணாதெண்டு நான் சொன்னனே" என்று இரண்டாவது போத்தல் வருகிறது. இப்படியேதான் ஊறிய கிணறு தூர்ந்துபோகிறது.

பயத்தாலும் துக்கத்தாலும் பால் வற்றிவிடும் என்பதும் பிழையான எண்ணம். மனம் கலங்கியிருக்கும்போது பால் இறங்குவதற்குச் சற்று நேரம் எடுக்கலாம். சுரப்பு நின்றுவிடுவதில்லை. தாயை அமைதியாக ஓரிடத்தில் இருத்தி, குடிக்கத் தண்ணீர் கொடுத்து, பிள்ளையை அவள் மேனியோடு சேர்த்து அணைக்கவிட்டால் பால் இறங்கும். மெலிந்த தாய்க்கும் பிள்ளைக்குப் போதிய பால் சுரக்கும். ஆனால் அது அவளது உடலைக் கரைத்துச் சுரப்பது. ஆகையால் உணவு கொடுக்க வேண்டியது தாய்க்கு. தாய் பிள்ளைக்குக் கொடுப்பாள். கிளினிக்கில் பாலூட்டும் தாய்க்கெனத் தரும் திரிபோஷாவை வீடு முழுவதும் பங்கிட்டு உண்பது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. பசியின் கொடுமை நமக்குத் தெரியும். ஆயினும் அந்தப் பங்கு அவளுடையது.

தாய் செய்யக்கூடியவை

பிள்ளை கேட்கும்போதெல்லாம், நாளொன்றுக்கு எட்டு முதல் பன்னிரண்டு தடவை வரை பால் கொடுங்கள். மாலையில் சில பிள்ளைகள் அரை மணிக்கொரு தடவை கேட்பதும் இயல்பே. முலைக்காம்பை மட்டும் கவ்வினால் தாய்க்கு நோவும். பிள்ளைக்குப் பாலும் சரியாக வராது. வாயை அகலத் திறந்து, காம்பைச் சுற்றியுள்ள கருவட்டமும் வாய்க்குள் போகும்படி, நாடி மார்பில் முட்டும்படி பிடிக்க வேண்டும். ஒரு பக்கத்தைக் குடித்து முடித்தபின் மறுபக்கம் கொடுங்கள். பால் குடித்ததும் நிமிர்த்திப் பிடித்து ஏவறை விடச் செய்யுங்கள்.

தகரக் கூரையும் தறப்பாளும் பகலில் அனலாய்க் கொதிக்கும். அந்த வெக்கையில் பிள்ளையைத் துணியால் இறுகச் சுற்றி வைத்தால் அது அழாமல் என்ன செய்யும்? ஒரு மெல்லிய சட்டை போதும். ஆறு மாதம் முடியும்வரை தண்ணீர்கூடத் தேவையில்லை. தாய்ப்பாலிலேயே அது இருக்கிறது. சீனித் தண்ணீர், கொத்தமல்லித் தண்ணீர், கிரைப் வோட்டர் எதுவும் வேண்டாம். தாய் கடும் சாயத் தேநீரைக் குறைப்பதும், வெற்றிலையோடு புகையிலை போடுவதை நிறுத்துவதும் நல்லது. தகப்பன்மார் கொட்டிலுக்குள் பீடி, சுருட்டுப் பற்றவைக்கவே கூடாது.

தோள்கள் பல வேண்டும்

இவ்வளவும் செய்தாலும் சில பிள்ளைகள் அழவே செய்யும். அப்போது தேவைப்படுவது இன்னொருவரின் தோள். ஊரில் இருந்தபோது அம்மம்மா இருந்தார், மாமி இருந்தார், சின்னம்மா இருந்தார். பிள்ளை கைமாறிக் கைமாறி வளர்ந்தது. இடம்பெயர்வு அந்தக் கைகளைத் திசைக்கொன்றாகப் பிரித்துவிட்டது. பிள்ளையும் தாயும் தனித்துப் போனார்கள். கனடாவில் மொன்றியல் நகரில் நடந்து, 1986இல் வெளிவந்த ஓர் ஆய்வில், பிள்ளையை வழக்கத்தைவிடக் கூடுதலாகத் தூக்கி வைத்திருந்த குடும்பங்களில் ஆறாம் கிழமை அழுகை ஏறக்குறைய 43 வீதம் குறைந்திருந்தது. எல்லாப் பிள்ளைகளும் உடனே அடங்கிவிடும் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் தூக்கினால் பிள்ளை கெட்டுப்போகும் என்பது வீண்பேச்சு.

தகப்பன்மாரே, கூலிவேலைக்குப் போய்க் களைத்து வருகிறீர்கள் என்பதை அறிவோம். எனினும் மாலையில் ஒரு மணிநேரம் பிள்ளையை உங்கள் வெறும் மார்பில் சாய்த்துக்கொண்டு நடவுங்கள். பால் கொடுப்பதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் உங்களாலும் செய்யமுடியும். அயலவரே, கொட்டிலில் உள்ள பெண்கள் முறைவைத்து அரை மணிநேரம் பிள்ளையை வாங்கினால் தாய் ஒரு கண் அயர்வாள். ஏணையில் போட்டால் பார்வையிலேயே வைத்திருங்கள். துணி முகத்தை மூடிவிடலாம்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். எவ்வளவு ஆத்திரம் வந்தாலும் பிள்ளையைப் பிடித்து உலுக்காதீர்கள். மூளையில் இரத்தம் கசிந்து பிள்ளை இறந்துபோகலாம். தாங்கமுடியாத நேரத்தில் பாயில் மல்லாக்கக் கிடத்திவிட்டு, சற்று விலகி நின்று, ஒருவரைக் கூப்பிடுங்கள். அது குற்றமல்ல. தாய் எந்நேரமும் அழுதுகொண்டு, பிள்ளையைப் பார்க்கவே விருப்பமின்றி இரண்டு கிழமைக்கு மேல் இருந்தால் அது மனத்தின் நோய். கிளினிக்கில் சொல்லுங்கள், குணப்படுத்தலாம்.

தாமதியாது ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டிய அழுகையும் உண்டு. உடல் காய்தல், பால் குடிக்க மறுத்தல், பச்சையாக வாந்தி எடுத்தல், மலத்தில் இரத்தம், சிறுநீர் குறைதல், உச்சிக்குழி உள்வாங்குதல், மூச்சு வேகமாக வாங்குதல், அரையில் வீக்கம், தட்டி எழுப்பினாலும் சோர்ந்து கிடத்தல் ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் நாவூறு கழித்துக்கொண்டு காத்திருக்க வேண்டாம்.

பொதி கொடுப்போருக்கு ஒரு வார்த்தை

போர் 2009 மே மாதத்தில் முடிந்தது. ஆனால் இடம்பெயர்வு முடியவில்லை. வெள்ளமும் மண்சரிவும் காணிச் சிக்கலும் மக்களை இன்னும் வீட்டைவிட்டு எழுப்புகின்றன. ஒவ்வொரு தடவையும் நல்ல மனம் படைத்தோர் பால்மா ரின்களோடு வருகிறார்கள். 2006 மே மாதம் இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாப் பகுதியில் நிலநடுக்கம் ஏற்பட்டபோதும் அப்படியே வந்தன. பிற்பாடு கணக்கெடுத்தபோது, நன்கொடைப் பால்மா பெற்ற இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 25 பேரளவில் ஒரு வாரத்துள் வயிற்றோட்டம் கண்டிருந்தது. பெறாதோரில் 12 பேரளவில். ஏறக்குறைய இரண்டு மடங்கு! நமது நாடு 1983இலேயே தாய்ப்பாலைப் பாதுகாக்கும் விதிக்கோவையை ஏற்றுக்கொண்டது. அனர்த்த நாள்களில் நாம்தான் அதை மறந்துவிடுகிறோம். தாயை இழந்த பிள்ளைக்கும், பாலூட்ட இயலாத தாயின் பிள்ளைக்கும் மா தேவைதான். அதை வைத்தியரின் மேற்பார்வையில், அந்தப் பிள்ளைக்கு மட்டும், கோப்பையால் கொடுக்கட்டும். கடையில் விற்கும் சாதாரண பால்மா கைக்குழந்தைக்கு உரியதே அல்ல.

மற்றத் தாய்மாருக்குக் கொடுக்க விரும்புவோர் பயறும் கடலையும் முட்டையும் மீனும் கொடுங்கள். பாலூட்ட ஒரு மறைப்பும், சாய்ந்திருக்க ஒரு கதிரையும் கொடுங்கள். தண்ணீர் வரிசையிலும் நிவாரண வரிசையிலும் அவளை முன்னுக்கு விடுங்கள். 2022இல் பால்மாவுக்காக நாடே வரிசையில் நின்றபோது, தாய்ப்பால் குடித்த பிள்ளைக்கு வரிசை இருக்கவில்லை என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

இனி மறைப்புக்கு அப்பால் ஒரு பிள்ளை அழும்போது, "பால் காணாது போல" என்று சொல்ல வாய் எடுத்தால் அந்தச் சொல்லை விழுங்கிவிடுவோம். எழுந்து போய், "பிள்ளையை இஞ்ச தா, நீ ஒரு வாய் சாப்பிடு" என்று சொல்வோம்.