கறுப்பு அங்கிக்கு முன்னும் பின்னும்

பிளஸ் 2 தேர்வு முடிந்ததும் திருவனந்தபுரத்தின் ஸ்ரீவராகம், கரமனை, கோட்டைப் பகுதித் தமிழ்க் குடும்பங்களில் முன்பெல்லாம் எழுந்த கேள்வி ஒன்றுதான்: பொறியியலா, மருத்துவமா? அண்மை ஆண்டுகளில் அதனோடு மூன்றாவதாக ஒன்றும் சேர்ந்துகொண்டிருக்கிறது. "பெண் சட்டம் படிக்க வேண்டும் என்கிறாள், சேர்க்கலாமா?" என்று தில்லியில் இருக்கும் உறவினரைத் தொலைபேசியில் கேட்கிறார்கள். நாடாளுமன்றத்தையும் உச்ச நீதிமன்றத்தையும் அன்றாடம் பார்ப்பவனுக்கு விடை தெரிந்திருக்கும் என்பது அவர்களது நம்பிக்கை.

சேர்க்கலாம் என்பதே இந்தக் கட்டுரையாளரின் கருத்து. ஆனால் பட்டம் வாங்குவதோடு செலவு முடிந்துவிடும் என்று எண்ணிச் சேர்க்கக் கூடாது.

திருவனந்தபுரத்துக்குச் சட்டம் புதிதல்ல. இங்குள்ள அரசு சட்டக் கல்லூரி 1875-ல் தொடங்கப்பட்டது. "ஆயிரம் ரூபாயும் மள்ளூரும் இருந்தால் யாரையும் கொல்லலாம்" என்று வழக்கறிஞர் மள்ளூர் கோவிந்தப் பிள்ளையைப் பற்றிப் பழமொழியே உருவாகும் அளவுக்கு இந்த ஊரில் வக்கீல்களுக்கு மவுசு இருந்தது. (அன்றைய ஆயிரம் ரூபாய் எவ்வளவு பெரிய தொகை என்பதையும் சேர்த்துத்தான் இதைப் படிக்க வேண்டும்.) திருவிதாங்கூரில் 1937-ல் முன்சீப்பாக நியமிக்கப்பட்ட அன்னா சாண்டி, 1959-ல் கேரள உயர் நீதிமன்ற நீதிபதியானார். நாட்டின் உயர் நீதிமன்றங்களில் அமர்ந்த முதல் பெண் அவர். 1989-ல் உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியான எம். பாத்திமா பீவி, திருவனந்தபுரம் சட்டக் கல்லூரி மாணவி. 1950-ல் பார் கவுன்சில் தேர்வில் முதலிடம் பெற்றவர். பின்னாளில் தமிழக ஆளுநராக இருந்த அவரைத் தமிழ் வாசகர்கள் 2001-ம் ஆண்டு அரசியலோடு சேர்த்தே நினைவில் வைத்திருப்பார்கள்.

பெங்களூரில் 1987-ல் தேசிய சட்டப் பள்ளியை நிறுவிய என்.ஆர். மாதவ மேனனும் திருவனந்தபுரத்தில் பிறந்தவரே. பிளஸ் 2-வுக்குப் பிறகு ஐந்தாண்டு ஒருங்கிணைந்த படிப்பு, மாதிரி நீதிமன்றம், சட்ட உதவி முகாம் என்று சட்டக் கல்வியின் முகத்தை மாற்றியதில் அந்த நிறுவனத்துக்குப் பெரும் பங்குண்டு. அதே மாதிரியில் கொச்சியில் 2005-ல் ஒன்றும், திருச்சியில் பின்னர் ஒன்றும் வந்தன. 2008 முதல் இவற்றுக்கு 'கிளாட்' எனும் பொது நுழைவுத் தேர்வு நடக்கிறது.

நல்ல நோக்கத்தோடு வந்த இந்த மாற்றம்தான் சட்டக் கல்வியை இரண்டு சாதிகளாகவும் பிரித்துவிட்டது. கிளாட் ஆங்கிலத்தில் மட்டுமே நடத்தப்படுகிறது. விண்ணப்பிக்க மட்டும் பொதுப் பிரிவினரிடம் 4,000 ரூபாய் வாங்கப்பட்டு வந்திருக்கிறது. பயிற்சி மையத்துக்குக் கொடுப்பது தனிக்கணக்கு. இடம் கிடைத்தால் கட்டணமும் விடுதியும் சேர்ந்து ஐந்து ஆண்டுகளில் பத்து லட்சத்தை எளிதில் தாண்டும். அந்தக் கடனை அடைக்க வேண்டிய மாணவர் வஞ்சியூர் நீதிமன்றத்துக்கு ஏன் வரப் போகிறார்? மும்பையிலும் தில்லியிலும் உள்ள பெரிய நிறுவனங்களுக்குத்தான் போவார். அவரைக் குறை சொல்ல முடியாது.

கேரள அரசின் நுழைவுத் தேர்வு எழுதி அரசு சட்டக் கல்லூரியில் சேர்வது நடுத்தரக் குடும்பத்துக்கு உகந்த வழி. திருவனந்தபுரம், எர்ணாகுளம், திருச்சூர், கோழிக்கோடு என நான்கு அரசுக் கல்லூரிகள் உள்ளன. ஆண்டுக் கட்டணம் சில ஆயிரங்களைத் தாண்டாது. தமிழகத்தில் நுழைவுத் தேர்வே இல்லாமல் பிளஸ் 2 மதிப்பெண் அடிப்படையில் டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகக் கல்லூரிகளில் சேர்க்கை நடைபெறுவதால், எல்லை தாண்டிப் படிக்க நினைப்போரும் உண்டு.

உள்ளே போன பிறகு என்ன? முதல் இரண்டு ஆண்டுகள் அரசியல், பொருளாதாரம், சமூகவியல் என்றே பெரும்பாலும் போகும். 'இதற்காகவா சேர்ந்தோம்' என்று பலர் சலித்துக்கொள்வது இந்தக் கட்டத்தில்தான். ஒவ்வொரு பாடத்திலும் 70 விழுக்காடு வருகைப் பதிவு வேண்டும் என்பது பார் கவுன்சிலின் 2008-ம் ஆண்டு விதி. வருகைப் பதிவும் அகமதிப்பீடும் ஆசிரியர் கையில் இருக்கும்போது அவை எப்படிப்பட்ட ஆயுதங்களாக மாறக்கூடும் என்பதை இதே நகரம் பார்த்திருக்கிறது. 2017-ன் தொடக்கத்தில் பேரூர்க்கடை கேரள லா அகாதெமி மாணவர்கள் முதல்வரை நீக்கக் கோரி 29 நாள்கள் போராடியதில் அவை இரண்டும் முக்கியப் புகார்கள். 2024 ஜூலை முதல் தண்டனைச் சட்டம், குற்றவியல் நடைமுறைச் சட்டம், சாட்சியச் சட்டம் மூன்றும் மாறிவிட்டன. எதிர்க்கட்சி உறுப்பினர்கள் பெரும் எண்ணிக்கையில் இடைநீக்கம் செய்யப்பட்டிருந்த 2023 டிசம்பரில் இரு அவைகளிலும் அவை நிறைவேறின. இனி படிப்பவர் புதிய சட்டத்தையும், நிலுவையில் உள்ள பழைய வழக்குகளுக்காகப் பழைய சட்டத்தையும் சேர்த்தே கற்க வேண்டும். மூத்த வழக்குரைஞர்களே புதிய பிரிவு எண்களைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்பதால், இளையவர்களுக்கு இதில் ஒரு வாய்ப்பும் இருக்கிறது.

உண்மையான சோதனை பட்டம் பெற்ற பிறகுதான் தொடங்குகிறது.

முதலில் பதிவு. சட்டப்படி 750 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாத பதிவுக் கட்டணத்துக்கு ஒடிஸாவில் 42,100 ரூபாயும், கேரளத்தில் 20,050 ரூபாயும் வசூலித்து வந்தார்கள். சட்டத்தைக் காக்கப் போகிறவரிடம் சட்டத்தை மீறி வாங்கிய இந்தத் தொகைக்கு உச்ச நீதிமன்றம் 2024 ஜூலை 30-ல் முற்றுப்புள்ளி வைத்தது. தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் 125 ரூபாய்தான் என்றும் தெளிவுபடுத்தியது. ஏற்கெனவே வாங்கியதைத் திருப்பித் தர வேண்டியதில்லை என்றும் அதே தீர்ப்பு கூறியது தனிக் கதை. அடுத்து, அகில இந்திய பார் தேர்வு. 2023-ல் அரசியல் சாசன அமர்வு இதை உறுதி செய்துவிட்டதால் தப்பிக்க வழியில்லை. ஆறுதல், தமிழிலும் எழுதலாம்.

பிறகு மூத்த வழக்குரைஞர் ஒருவரிடம் இளையவராகச் சேர வேண்டும். கட்டுகளைத் தூக்கி, வாய்தா வாங்கி, நகல் எடுத்து ஓடும் இந்த ஆண்டுகளில் பலருக்குக் கிடைப்பது பேருந்துக் கட்டணம். கேரள அரசு 2018-ல், முப்பது வயதுக்குட்பட்ட, மூன்றாண்டு அனுபவம் நிறையாத, குறைந்த வருமானமுள்ள இளம் வழக்குரைஞருக்கு மாதம் 5,000 ரூபாய் வரை உதவித்தொகை என ஆணையிட்டது. சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூனில், சென்னை, மதுரை, கோவையில் 20,000, பிற இடங்களில் 15,000 ரூபாய் குறைந்தபட்ச உதவித்தொகை தரப்பட வேண்டும் என்றது. அதே ஆண்டு அக்டோபரில் பார் கவுன்சில் வெளியிட்ட சுற்றறிக்கை அதைப் பரிந்துரையாக மட்டுமே கூறியது. பரிந்துரையை நம்பி வீட்டு வாடகை கொடுக்க முடியுமா?

நீதித் துறைப் பணிக்குப் போகலாமே என்பார்கள். குறைந்தது மூன்றாண்டு வழக்குரைஞராகப் பணியாற்றியவரே கீழமை நீதிபதித் தேர்வு எழுதலாம் என்று 2025 மே 20-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீதிமன்றத்தையே பார்க்காதவர் நீதிபதியாவது சரியல்ல என்ற வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் பதினெட்டு வயதில் சேர்ந்தவருக்கு அப்போது இருபத்தாறு ஆகியிருக்கும். அந்த மூன்று ஆண்டுகளை வருமானமின்றித் தாங்க யாரால் முடியும்? அப்பாவோ மாமாவோ வக்கீலாக இருப்பவரால் முடியும். ஸ்ரீவராகத்தில் ஓய்வூதியத்தில் காலம் தள்ளும் குடும்பத்தின் பெண்ணுக்கு, அதுவும் திருமணப் பேச்சு தொடங்கிவிடும் வயதில், இது எளிதல்ல. நீதிபதிகள் நாற்காலியில் எல்லாத் தரப்பினரும் அமர வேண்டும் என்று மேடைதோறும் பேசுவோர், இந்த மூன்றாண்டு உதவித்தொகையைச் சட்டமாக்கிவிட்டுப் பேசலாம்.

நாடாளுமன்றத்துக்கு இதில் அக்கறை இல்லாமல் இல்லை. சுஷில் குமார் மோடி தலைமையிலான நிலைக்குழு 2024 பிப்ரவரியில் அளித்த அறிக்கை, பார் கவுன்சிலின் அதிகாரத்தை வழக்காடுவதற்கான அடிப்படைத் தகுதியோடு நிறுத்திக்கொண்டு, உயர் சட்டக் கல்வியைத் தனி அமைப்பிடம், உயர் கல்வி ஆணையத்தின் கீழ் ஒப்படைக்கலாம் என்றது. 2020-ம் ஆண்டு தேசியக் கல்விக் கொள்கையோ அந்த ஆணையத்தின் வரம்பிலிருந்து மருத்துவத்தையும் சட்டத்தையும் விலக்கி வைத்திருந்தது. ஒரு கை கொடுப்பதை மறு கை தடுக்கிறது. 2025 பிப்ரவரியில் வழக்குரைஞர் சட்டத் திருத்த வரைவு வெளியானபோது, நீதிமன்றப் புறக்கணிப்புக்குத் தடை, பார் கவுன்சிலில் மத்திய அரசு நியமன உறுப்பினர்கள் ஆகிய இரண்டைப் பற்றியே ஊரெல்லாம் பேச்சு. போராட்டம் வலுக்கவே, சில நாள்களிலேயே வரைவு திரும்பப் பெறப்பட்டது. முதல் மூன்று ஆண்டுகளை ஓர் இளம் வழக்குரைஞர் எப்படிக் கழிப்பார் என்பது அந்தச் சில நாள்களில் தில்லியில் எவர் வாயிலும் வரவில்லை.