பழுதான பொருளும் பொறுமையும்

 

சிறுகச் சேமித்த பணத்தில் ஒரு கிரைண்டரையோ செல்போனையோ வாங்குகிறோம். பத்தே நாட்களில் அது பழுதாகிவிடுகிறது. கடைக்காரர் சர்வீஸ் சென்டருக்குக் கைகாட்டுகிறார். அங்கே இன்று, நாளை என்று அலைக்கழிக்கிறார்கள். இறுதியில், "நம் நஸீப் அவ்வளவுதான், ஸப்ர் செய்வோம்" என்று பொருளைப் பரணில் ஏற்றிவிடுகிறோம். இது உண்மையில் ஸப்ர்தானா?

நம் கையில் இல்லாத சோதனையைத் தாங்கிக்கொள்வதே ஸப்ர். ஷரீஅத் நமக்கு வழங்கியுள்ள உரிமையைக் கேட்காமல் விடுவதற்கு அப்பெயரைச் சூட்டுவது பொருந்தாது. மனமுவந்து விட்டுக்கொடுத்தால் நன்மை உண்டு. ஆனால் அலைச்சலுக்கு அஞ்சி மனக்குமுறலோடு ஒதுங்குவது விட்டுக்கொடுத்தல் ஆகாது. நாம் ஒதுங்கினால், அதே பழுதுள்ள பொருள் நாளை நம்மைவிட ஏழையான ஒருவரின் வீட்டுக்குப் போகும்.

மதரஸாக்களில் 'கியாருல் ஐப்' என்ற பாடத்தை ஓதிக்கொடுக்கிறோம். வாங்கும்போதே இருந்த குறை பின்னர் தெரியவந்தால், பொருளைத் திருப்பிக் கொடுக்கும் உரிமை வாங்கியவருக்கு உண்டு என்பதே அதன் சாரம். உட்பிரிவுகளில் மத்ஹபுகளிடையே வேறுபாடு இருப்பினும், இந்த அடிப்படையை நான்கு மத்ஹபுகளும் ஏற்றுள்ளன. கடைத்தெருவில் உணவுக் குவியலுக்குள் கைவிட்டு, உள்ளே ஈரம் இருக்கக் கண்ட நபி (ஸல்) அவர்கள், அதை மேலே தெரியும்படி வைக்காத வணிகரைக் கண்டித்த செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது.

நாட்டின் சட்டமும் இதற்குத் துணை நிற்கிறது. 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் உள்ள நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி, குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுப் பணத்தைத் தர மறுப்பது முறையற்ற வணிக நடைமுறையாகும். பில்லில் குறிப்பிட்ட காலத்திற்குள், அவ்வாறு குறிப்பிடப்படாவிட்டால் 30 நாட்களுக்குள் அதைச் செய்தாக வேண்டும். பில் தர மறுப்பதும் முறையற்ற நடைமுறையே. ஆகவே "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்ற பலகையைக் கண்டு, பழுதான பொருளோடு பேசாமல் திரும்பிவிட வேண்டியதில்லை.

முதலில் கடைக்காரரிடம் கண்ணியமாகப் பேசுவோம். பயனில்லையெனில் எழுத்து மூலம் முறையிட்டு, நகலை வைத்துக்கொள்வோம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். அதன் பிறகும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. விருதுநகர் மாவட்டத்திற்கான ஆணையம் ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே உள்ளது. மம்சாபுரத்தில் இருப்பவர்களுக்கு அது பக்கத்து ஊர்தான். பொருளை இணையத்திலோ சென்னையிலோ வாங்கியிருந்தாலும், நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் அளிக்கலாம். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் அளித்துவிட வேண்டும். பழுது நீக்கித் தரவும், வேறு பொருள் தரவும், பணத்தைத் திருப்பித் தரவும், இழப்பீடு வழங்கவும் ஆணையம் உத்தரவிட முடியும்.

வாங்குபவருக்கும் அமானிதம் உண்டு. கைதவறிக் கீழே விழுந்த போனை "தானாகவே நின்றுவிட்டது" என்று சொல்லி வாரண்டியில் மாற்றுவது, ஈரத்தை மறைத்த வணிகரின் செயலுக்கு ஒப்பானதே. குறை தெரிந்த பிறகும் பொருளைத் தொடர்ந்து பயன்படுத்தினால், குறையை ஏற்றுக்கொண்டதாகவே ஃபிக்ஹு சட்டம் கருதும். ஆகவே பழுது தெரிந்த உடனே பயன்பாட்டை நிறுத்திவிட்டு, பில்லோடு கடைக்குச் செல்வதே முறை.

கடை நடத்தும் சகோதரர்களே! வாங்கியவர் திருப்பித் தரும்போது மனமுவந்து ஏற்றுக்கொள்பவரின் தவறுகளை அல்லாஹ் மன்னிப்பான் என்ற நற்செய்தி அபூதாவூதில் வந்துள்ளது. குறையே இல்லாத பொருளுக்கே இந்த நற்கூலி என்றால், பழுதான பொருளோடு ஒருவர் வாசலில் வந்து நிற்கும்போது அவரை எப்படித் திருப்பி அனுப்புவது? கொடுக்கல் வாங்கலில் நேர்மையையும் பரக்கத்தையும் அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.