எந்த ஊர் வாக்காளர் நாம்?

2024 மார்ச் 16 அன்று நாடாளுமன்றத் தேர்தல் தேதிகள் அறிவிக்கப்பட்டன. தமிழ்நாட்டிற்கு ஏப்ரல் 19. மும்பைக்கு மே 20. அன்று 120 நாள் முன்பதிவு முறை இருந்தது. எனவே ஏப்ரல் மாதத்து நாகர்கோவில் வண்டிக்கு முன்பதிவு திறந்து இரண்டு, மூன்று மாதம் ஆகியிருந்தது. கோடை விடுமுறைக்கும் சித்திரை முதல் நாளுக்கும் போகிறவர்கள் இடம் பிடித்துவிட்டார்கள். “ஓட்டுப் போட ஊருக்குப் போகணும் சார்” என்று வந்து நின்ற நம் மக்களிடம் காத்திருப்போர் பட்டியல் சீட்டைத்தான் நீட்ட முடிந்தது. ரயில்வேயில் வேலை பார்க்கும் நமக்கு இது கேள்விப்பட்ட கதையல்ல, நம் கையால் கொடுத்த சீட்டு.

வாக்களிக்கும் நாளில் சம்பளத்துடன் விடுமுறை தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நல்லது. ஆனால் போக ஒன்றரை நாள், வர ஒன்றரை நாள். அந்த மூன்று நாள் கூலியை யார் தருவது? தோல் பட்டறையில் நிற்பவரும் விடியுமுன் இட்லிக் கூடை தூக்குபவரும் நான்கு நாள் வருமானத்தை விட்டுக்கொடுத்தால்தான் ஒரு வாக்கு!

அப்படியானால் இங்கேயே பெயரைச் சேர்த்துக்கொள்வதுதானே என்பார்கள். சேர்க்கலாம். வழக்கமாகக் குடியிருக்கும் இடத்தில்தான் வாக்கு, ஒருவருக்கு ஒரே தொகுதிதான் என்பது 1950-ஆம் ஆண்டுச் சட்டம். ஆனால் வாடகைப் பத்திரம் கேட்டால் வீட்டுக்காரர் முகத்தைத் திருப்புகிறார். ஆறு மாதம் இங்கே, ஆறு மாதம் சூரத்தில் என்று ஓடுகிறவருக்கு ‘வழக்கமான’ வீடு எது? நம்மிலும் பலர், ஊர்ப் பட்டியலில் பெயர் போனால் ஊரே போய்விட்டதாக எண்ணி, இங்கே மனுப் போடவே தயங்குகிறோம். இந்தத் தயக்கத்தில் நியாயமும் உண்டு, சோம்பலும் உண்டு.

இதற்கிடையே ஊர்ப் பட்டியலிலும் கத்தி விழுகிறது. 2025-இல் பீகாரில் நடந்த தீவிரத் திருத்தத்தில், ஆகஸ்டு மாத வரைவுப் பட்டியலில் சுமார் 65 லட்சம் பெயர்கள் இல்லை. அவர்களில் சுமார் 36 லட்சம் பேர் நிரந்தரமாக இடம்பெயர்ந்தவர்கள் அல்லது வீட்டில் காணப்படாதவர்கள் என்றார்கள். பிழைப்புக்காகப் போனவன் வீட்டில் எப்படி இருப்பான்? இறந்தவர் பெயரை நீக்கட்டும். இருமுறை பதிந்ததையும் நீக்கட்டும். கதவு பூட்டியிருந்தது என்பதற்காகக் குடியுரிமையின் கதவைப் பூட்டலாமா?

வழி இல்லாமல் இல்லை. ஊரில் வாங்கிய ரேஷன் அட்டைக்கு இங்கே கைரேகை வைத்துக் கோதுமை வாங்குகிறோம். இடம்பெயர்ந்த காஷ்மீர் மக்களுக்கு 2024-இல் ஜம்முவிலும் உதம்பூரிலும் டெல்லியிலும் தனி வாக்குச்சாவடிகள் இருந்தன. 2022 டிசம்பரில் தேர்தல் ஆணையமே, ஒரே சாவடியில் 72 தொகுதிகளின் வாக்கைப் பதியக்கூடிய இயந்திரத்தை முன்வைத்தது. 2019-இல் 30 கோடிக்கும் மேற்பட்டோர் வாக்களிக்கவில்லை. உள்நாட்டில் இடம்பெயர்வது அதற்கு ஒரு முக்கியக் காரணம் என்றும் கூறியது. 2023 ஜனவரியில் கட்சிகளை அழைத்துக் காட்ட முயன்றபோது எதிர்க்கட்சிகள் பல ஆட்சேபித்தன. 2024 தேர்தல் அந்த இயந்திரம் இல்லாமலே முடிந்தது.

ஆட்சேபங்களை நாம் அற்பமென்று தள்ளவில்லை. வேற்று மாநிலச் சாவடியில் எல்லாக் கட்சிக்கும் முகவர் கிடைப்பாரா? தேர்தல் நடக்காத மாநிலத்தில் நடத்தை விதி எப்படிச் செல்லும்? கேட்க வேண்டிய கேள்விகளே. ஆனால் கேள்வி கேட்டவர்கள் விடை தேட உட்காரவில்லை. தேர்தல் நேரத்தில் தாராவிக்கு வந்து தமிழில் பேசிக் கும்பிடுகிறவர்களில் எத்தனை பேர் தங்கள் கட்சிக்குள் இதைப் பேசியிருக்கிறார்கள்? இயந்திரத்தில் நம்பிக்கை இல்லையென்றால் தபால் வாக்கைத் தாருங்கள். படைவீரருக்குத் தருவது கட்டடம் கட்டுகிறவனுக்கு ஏன் ஆகாது?

இக்கோரிக்கையை எழுதிக் கையெழுத்து வாங்க முடிவு செய்திருக்கிறோம். அதுவரை கையில் உள்ளதை விட வேண்டாம். இங்கேயே தங்கிவிட்டோர் முகவரி மாற்றத்திற்கு 8-ஆம் எண் படிவம் போடுங்கள். தெருவோரம் படுப்பவருக்குச் சான்று கட்டாயமில்லை. அதிகாரி இரவில் வந்து பார்த்தால் போதும். ஞாயிறு மாலைகளில் சங்க அறையில் படிவம் நிரப்பித் தருகிறோம். ஊர் வாக்காளர் அட்டை இருந்தால் எடுத்து வாருங்கள். பெண்களின் பெயரையும் விட்டுவிடாமல் சேர்த்துக் கொண்டு வாருங்கள்.