உடலைக் கற்பதால் ஈமான் உடைந்துவிடாது

அமெரிக்காவில் குடியேறிய நம் குடும்பங்கள் சிலவற்றில் அண்மைக்காலமாக ஒரு விவாதம் எழுகின்றது. பள்ளிப் படிப்பை முடித்த பிள்ளை, உடலியக்கவியல் எனப்படும் கினிசியாலஜி படித்து, அதன்பின் அத்லெடிக் டிரெய்னிங் பயில விரும்புகின்றது. இடம் கிடைத்திருப்பதோ ஒரு கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்தில். உடனே வீட்டில் இரு குரல்கள் எழும்புகின்றன. "அங்கே போனால் ஈமான் பறிபோய்விடும்" என்பது ஒன்று. "டாக்டருக்குப் படிக்காமல் பி.டி. மாஸ்டர் வேலைக்கா இவ்வளவு செலவு?" என்பது மற்றொன்று. இவ்விரண்டு குரல்களும் தவறானவை என்பதே நமது நிலைப்பாடு.

இரண்டாவது குரலை முதலில் எடுத்துக்கொள்வோம். அத்லெடிக் டிரெய்னர் என்பவர் உடற்பயிற்சிக் கூடத்தில் எடை தூக்கக் கற்றுக்கொடுப்பவர் அல்லர். காயம் நேராமல் காப்பதும், நேர்ந்தால் களத்திலேயே கண்டறிந்து முதற்சிகிச்சை அளிப்பதும், வீரரை மீண்டும் ஆடும் நிலைக்குக் கொணர்வதும் அவர் பணி. இத்துறையினரின் தேசியச் சங்கம் 1950ஆம் ஆண்டு தோன்றியது. 1990ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவச் சங்கம் இதனை மருத்துவம் சார்ந்த தொழிலாக அங்கீகரித்தது. இன்று இத்தொழிலில் புதிதாக நுழைய முதுநிலைப் பட்டம் தேவை. 2023 ஜனவரி 2ஆம் நாள் அமெரிக்கக் கால்பந்து வீரர் டமார் ஹாம்லின் ஆடுகளத்திலேயே இதயம் நின்று சாய்ந்தபோது, அங்கேயே உயிர்காப்புச் சிகிச்சை அளித்தவர்களுள் அவரது அணியின் உதவி அத்லெடிக் டிரெய்னரும் ஒருவர். ஓர் உயிரைக் காப்பது மனிதகுலம் முழுவதையும் காப்பதற்கு ஒப்பானது என்று திருமறை வழியே அறிந்த சமுதாயம் இத்தகைய பணியை இழிவாகப் பேசலாமா?

உடலுக்கும் நம்மீது உரிமை உண்டு என்று கற்பித்தவர்கள் நம் நபி (ஸல்) அவர்கள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப்பந்தயம் ஓடியவர்களும் அவர்களே. நாமோ அந்தச் செய்திகளைச் சொற்பொழிவு மேடையில் சொல்லி மகிழ்கின்றோம். உடலைப் பற்றிய கல்வியைப் பிறருக்கு விட்டுவிட்டோம். அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஒய்.எம்.சி.ஏ. என்னும் கிறிஸ்தவ அமைப்பு நடத்திய பயிற்சிப் பள்ளியில்தான் 1891ஆம் ஆண்டு ஜேம்ஸ் நெய்ஸ்மித் கூடைப்பந்தை உருவாக்கினார். அங்கே பயின்ற வில்லியம் மார்கன் 1895இல் கைப்பந்தை உருவாக்கினார். அதே பள்ளியில் பயின்ற ஹாரி குரோ பக் என்பவர்தான் 1920ஆம் ஆண்டு சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியை நிறுவினார். இன்று நம் கடற்கரை ஊர்களில் அஸருக்கும் மஃரிபுக்கும் இடையே இளைஞர்கள் கைப்பந்து ஆடாத திடல் உண்டா? அவர்களின் விளையாட்டு நமக்கு ஆகும். அதன் பின்னே உள்ள கல்வி மட்டும் ஆகாதா?

இனி முதற்குரல். பிற சமயத்தாரிடம் கல்வி கற்றால் ஈமான் கெடும் என்போர் வரலாற்றைத் திரும்பிப் பார்க்கட்டும். பத்ருப் போரில் சிறைப்பட்ட மக்கத்து இணைவைப்பாளர்களில் எழுத்தறிந்தோர், மதீனத்துச் சிறுவர்களுக்கு எழுதக் கற்றுக்கொடுத்து விடுதலை பெற அனுமதிக்கப்பட்டனர். போர்க்களத்துப் பகைவரையே ஆசிரியராக ஏற்ற சமுதாயம் இது. பெர்கமம் நகரில் வாள்வீரர்களின் காயங்களுக்குச் சிகிச்சை அளித்தவர் கிரேக்க மருத்துவர் காலன். அவருடைய நூல்களை பக்தாதில் அரபிக்குப் பெயர்த்தவர்களில் தலையாயவர் ஹுனைன் இப்னு இஸ்ஹாக் என்னும் கிறிஸ்தவர். அந்நூல்களைக் கற்ற அர்ராஸி, காலன் தவறிய இடங்களைச் சுட்டித் தனி நூலே எழுதினார். இப்னு ஸீனா தம் 'கானூன்' நூலில் உடற்பயிற்சிக்கும் இடமளித்தார். கற்றார்கள், எடைபோட்டார்கள், மேலும் வளர்த்தார்கள்.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் மருத்துவத்தை ஃபர்ளு கிஃபாயா என்று வகைப்படுத்தினார்கள். முஸ்லிமல்லாதார் தவிர வேறு மருத்துவர் இல்லாத ஊர்கள் எத்தனை இருக்க, மக்கள் அக்கடமையை விட்டுவிட்டுச் சட்டக் கல்விக்கே முண்டியடிக்கின்றனரே என்று 'இஹ்யா'வில் கண்டித்தார்கள். ஒன்பது நூற்றாண்டுகளுக்குப் பின்னும் அக்கண்டனம் நம்மைச் சுடுகின்றது.

நம் பெண்மக்களின் நிலையைப் பாருங்கள். தலைமறைப்புடன் ஆடுவதற்கு இருந்த தடையைச் சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பு 2017ஆம் ஆண்டு நீக்கியது. வாசல் திறந்தது. நம் மகள் களத்தில் முழங்கால் பிசகி விழுந்தால், அவள் காலைத் தொட்டுப் பார்ப்பவர் அந்நிய ஆடவராக இருக்கக் கூடாது என்கின்றோம். நியாயமான கவலையே. ஆனால் அந்தப் பணியைக் கற்க விரும்பும் மற்றொரு மகளை வீட்டிலேயே தடுக்கின்றோம். பிறகு அந்தப் பெண் டிரெய்னர் எங்கிருந்து வருவார்? ரமளானில் நோன்புடன் பயிற்சிக்கு வரும் மாணவன் வெப்பத் தாக்கால் நிலைகுலைந்தால், அவனைக் குளிர்ந்த நீரில் அமிழ்த்தி உடற்சூட்டைத் தணித்த பிறகே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும் என்பது இத்துறையின் பாடம். நோன்பின் அருமையும் அறிந்து, நோன்பை முறிக்க மார்க்கம் சலுகை தரும் வேளையையும் அறிந்த ஒருவர் அருகில் இருப்பது எத்துணை பெரும் பாதுகாப்பு!

அப்படியானால் அஞ்சுவதற்கு ஒன்றுமே இல்லையா? உண்டு. கிறிஸ்தவப் பல்கலைக்கழகங்கள் எல்லாம் ஒரே வகையின அல்ல. சில, எந்தச் சமய மாணவரையும் சேர்த்துக்கொண்டு வழிபாட்டை அவரவர் விருப்பத்திற்கு விடுகின்றன. சில, ஆலயக் கூட்டங்களுக்கு வருகையைக் கட்டாயமாக்குகின்றன. வேறு சில, கிறிஸ்தவ நம்பிக்கை அறிக்கையில் கையொப்பம் கேட்கின்றன. ஈஸா (அலை) அவர்களை இறைமகன் என்று ஒப்புக்கொள்ளும் தாளில் முஸ்லிம் கையொப்பமிட முடியாது. "வெறும் சம்பிரதாயம்தானே" என்று இடுவது பொய்ச்சாட்சியம். அத்தகைய இடம் நமக்கு வேண்டாம். மற்ற இடங்களில், சேருமுன்பே விதிகளை முழுமையாகப் படியுங்கள். ஜும்ஆவுக்கு நேரம் கிடைக்குமா, செய்முறை வகுப்பில் ஒரே பாலினத் துணையைக் கேட்க இயலுமா, கட்டாயக் கூட்டத்தில் வழிபாட்டில் பங்கேற்காமல் இருக்கலாமா என்று எழுத்து மூலம் கேளுங்கள். விவரமறிந்த ஆலிமிடம் ஆலோசனை பெறுங்கள்.

பதினெட்டு ஆண்டுகள் நம் வீட்டில் வளர்ந்த பிள்ளையின் ஈமான் ஒரு பருவ வகுப்பில் கரைந்துவிடும் என்று அஞ்சுவோமானால், அந்த அச்சம் பல்கலைக்கழகத்தைப் பற்றியதன்று. நம் வளர்ப்பைப் பற்றியது. அந்தக் கணக்கை நாம்தான் சரிபார்க்க வேண்டும். அதற்குத் தண்டனையாகப் பிள்ளையின் கல்வியைப் பறிப்பது அநீதியாகும்.

பயனுள்ள கல்வியையும், அதனைச் சுமக்கும் உறுதியான ஈமானையும் நம் பிள்ளைகளுக்கு அல்லாஹ் வழங்குவானாக! ஆமீன்.